அந்த ஒரு முழங்கால் மட்டும்

மலையில் தேயிலைக்கு ஒரு பூச்சி உண்டு. ஏலக்காய்க்கு ஒரு பூச்சி உண்டு. பந்தாட்டத்துக்கும் ஒன்று உண்டு. முதல் இரண்டையும் மருந்தடித்து ஒழிக்கப் பார்க்கிறார்கள். மூன்றாவதை நாமே டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து வளர்க்கிறோம். முழங்கால் வீரர் என்று அதற்குப் பெயர்.

தேவிகுளமோ, பீர்மேடோ, உடும்பஞ்சோலையோ, நீங்கள் எங்கே போய் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் சரி, நாலு பேர் பந்து உதைக்கிற இடம் எது என்று விசாரித்துக்கொண்டு போங்கள். பந்து எட்டாத தூரத்தில், ஆனால் பேச்சு எட்டுகிற தூரத்தில், கழுத்தைச் சுற்றி மப்ளரும், காலில் புல்லின் வாசனையே அறியாத வெள்ளை கான்வாஸ் ஷூவும், ஒரு கையில் டீ கிளாஸும், இன்னொரு கையால் முழங்காலைப் பிள்ளையைத் தடவுவதுபோலத் தடவிக்கொண்டும் ஒருவர் நிற்பார். ஆடுகிறவன் பந்தைத் தவறவிட்டால் "ச்சே!" என்பார். தவறவிடாமல் உதைத்தால், கொஞ்சம் தாமதித்து, "ச்சே!" என்பார். அந்த "ச்சே"தான் அவர் ஆடும் ஆட்டம். அதில் அவரை வென்றவர் கிடையாது.

பக்கத்தில் போய் நின்றுவிட்டீர்களோ, தொலைந்தீர்கள். அந்த ஒரு முழங்கால் மட்டும் போகாமல் இருந்திருந்தால் அவர் இந்நேரம் ஸ்டேட்டுக்கு ஆடியிருப்பார். இதை நீங்கள் கேட்காமலே சொல்வார். முழங்கால் போனது எங்கே? கேட்கிறவர் யார் என்பதைப் பொறுத்தது. கேட்பவர் போடிக்காரர் என்றால் கோட்டயத்தில். கோட்டயத்துக்காரர் யாராவது கூட்டத்தில் இருந்தால் தூத்துக்குடியில். மோதிய பேக் ஆட்டக்காரன் முதல் வருஷம் கேட்டபோது சாதாரண ஆள், மறுவருஷம் ஆறடி, இப்போது அவன் கதவு நிலையில் குனிந்துதான் நுழைவானாம். சரி, போனது வலது முழங்காலா, இடதா? டீ கிளாஸ் எந்தக் கையில் இருக்கிறது என்று பாருங்கள். மற்றக் கை எந்தக் காலுக்கு எட்டுகிறதோ, அது.

அந்த முழங்கால் மழை சொல்லும். "நாளைக்கு அடிச்சுப் பெய்யப்போவுது, முட்டி கடுக்கு" என்பார் ஜூலை மாதத்தில். நம் ஊரில் ஜூலை மாதத்தில் மழை வரும் என்பதைச் சொல்ல முழங்கால்கூட வேண்டாம், ஜன்னல் போதும். ஆனாலும் மறுநாள் நனைந்துகொண்டே போகிறவர்களைப் பார்த்து அவர் ஒரு சிரிப்புச் சிரிப்பாரே, அதை யாரால் தாங்க முடியும்?

தம்மால் ஓட முடியவில்லையே தவிர, பிறரை ஓடவைப்பதில் அவருக்கு இருக்கும் அக்கறை தாய்க்குக்கூடக் கிடையாது. உடம்பு என்று இருந்தால் அசைந்துகொண்டே இருக்கவேண்டும், எந்த வயசானாலும் சரி. தொட்டிலில் கிடக்கும் சிசுவின் காலைப் பிடித்து மடக்கிப் பார்த்து, "பந்துக்கால்தான், ஆனா இப்பவே பழக்கணும்" என்பார். காலையிலிருந்து கொழுந்து பறித்து, மூட்டையைத் தலையில் சுமந்து மேடேறி வருகிற பெண்களை வழிமறித்து, "கையை நல்லா வீசி நடக்கணும் தாயி, அப்பதான் ரத்தம் ஓடும்" என்பார். கையை வீசினால் மூட்டை விழும். விழட்டுமே, ரத்தம் ஓடுமல்லவா? படுத்த படுக்கையாகக் கிடந்த பழைய கணக்கப்பிள்ளை ஒருவருக்கு மூச்சை இழுத்து விடும் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். அவர் இழுத்தார். விடவில்லை.

ஆனால் அந்த முழங்காலுக்கு ஒரு தனிக் குணம். கிளப்பில் படம் காட்டுகிற அன்று அது இரண்டு மைல் மேடேறும். மச்சினன் கல்யாணம் என்றால் குறுக்குப் பாதையில் போடி வரைக்கும் இறங்கி, பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூன்றாம் தரம் பாயசத்துக்குக் கை நீட்டும்வரை மடங்கிய மடக்கில் சொன்னபடி கேட்கும். வலி வருவதற்கு ஒரே ஒரு வாக்கியம் உண்டு. "வாங்க அண்ணாச்சி, ஒரு ஆள் குறையுது." அவ்வளவுதான். சுளீர்.

பொதுப்படையாகச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆகவே மஞ்சக்கல் எஸ்டேட்டுக்கு வாருங்கள். ஸ்டோர் கிளார்க் சுவக்கீனைக் காட்டுகிறேன். இந்தக் கதை நடந்தபோது வயசு நாற்பத்தெட்டு. மேல் லயம் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசையை ஒட்டிய குவாட்டர்ஸில் வாசம். மேற்சொன்ன அத்தனை லட்சணங்களும் ஒரே உடம்பில் பொருந்திய உத்தம உருப்படி.

மலையில் சமதளம் என்பது தங்கம். மஞ்சக்கல்லில் கடவுள் வைத்த சமதளம் ஒன்றுமில்லை. எந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரையோ குதிரை ஓட்ட மலைச்சரிவை வெட்டி நிரவிய ஒரே ஒரு கிரவுண்டு. அதில்தான் கல்யாணப் பந்தல், அதில்தான் யூனியன் கூட்டம், அதில்தான் இளவட்டங்களின் பந்து, அதில்தான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராமுத்தாய் தலைமையில் பெண்களின் கிளித்தட்டு. ராமுத்தாய்க்கு மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. ஆனால் கோட்டுக்குக் கோடு அவள் பாய்கிற பாய்ச்சலில் அவள் மருமகன் இன்னும் மாமியாரிடம் சத்தமாகப் பேசுவதில்லை.

எழுபத்துநாலில் புதுத் துரை வந்தார். மலையாளி, ஆட்டத்தைக் 'களி' என்பவர். ஜீப்பைக் கிரவுண்டு ஓரத்தில் நிறுத்தினார். வார நாள் காலை, எல்லாரும் தேயிலைக் காட்டில். கிரவுண்டில் இரண்டு மாடுகள் மட்டும்.

"இது என்னா, மாடு மேயுற ஸ்தலமா? அடுத்த மழைக்கு இதுல தேயிலைக் கன்னு வச்சிடலாம்."

கூட நின்றவர் சூப்பர்வைசர் வீரபாண்டி. பதறிப்போய், "ஐயோ தொரை, இது ஆடுத எடம். எல்லா வயசுக்காரவுகளும் ஆடுவோம்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்.

"எல்லா பிராயக்காரும்?" துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப பொங்கலுக்கு நான் வந்து பாக்கும். நாப்பது வயசுக்கு மேல உள்ளவங்க மட்டும். ரெண்டு டீம், முழு டீம், முழுக் களி. ஒரு ஆள் குறைஞ்சாலும் களி பாதியில நின்னாலும் கன்னுதான்."

ஜீப் போய்விட்டது. வீரபாண்டி தம் வாயில் தாமே அடித்துக்கொண்டார்.

கீழ் லயத்தில் பதினொரு பேர் அன்று மாலையே தேறிவிட்டார்கள். ரிட்டையராகப் போகிற பெரியமுத்து, முன்பல் இரண்டும் இல்லாதவர், முதல் ஆளாகப் பேர் கொடுத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலிலேயே ஓடிக் காட்டினார். மேல் லயம் கௌரவம் பார்க்கிற லயம். "பேரன் எடுத்தவன் டவுசர் போட்டுக்கிட்டு ஓடினா மருமக மூஞ்சியில எப்படி முழிக்க?" என்றார் ஒருவர். டவுசர் வேண்டாம், வேட்டியே போதும் என்றதும், "வேட்டி அவுந்துட்டா?" என்றார். கெஞ்சி, வைது, ராமுத்தாய் வீடு வீடாகப் போய், "கிரவுண்டு போச்சுன்னா நாங்க எங்க போய் ஆட? உங்க தலையிலயா?" என்று கேட்டுக் கேட்டு, வீரபாண்டியோடு பத்து பேர் சேர்ந்தார்கள். பதினொன்றாவது?

எல்லார் கண்ணும் ஒரே நேரத்தில் குவாட்டர்ஸ் பக்கம் திரும்பியது. ஸ்டேட்டுக்கு ஆடவேண்டியவர் நம்மிடையே இருக்க, நாம் எதற்கு அலைகிறோம்?

"அண்ணாச்சி, ஒரு ஆள் குறையுது" என்றார் வீரபாண்டி.

சுவக்கீனின் கை முழங்காலுக்குப் போயிற்று. "நான் எறங்கினா ஆட்டம் ஒரே பக்கமாப் போயிரும் வீரபாண்டி. பாவம், கீழ் லயத்துக்காரனுவ."

"போவட்டும் அண்ணாச்சி. நம்ம பக்கம்தானே போவும்?"

"அதுக்கில்ல. நான் கோச்சா நிக்கேன். ஓரமா நின்னு சொல்லிக்கொடுக்கேன்."

"சொல்லிக்கொடுக்க மேல் லயம் முழுக்க ஆளிருக்கு. காலுதான் கொறையுது."

"இந்த முட்டி மட்டும்…" என்று அவர் ஆரம்பித்தபோது, உள்ளேயிருந்து அவர் மனைவி பிலோமி முறமும் கையுமாக வெளியே வந்தாள்.

"போயி நின்னுட்டுத்தான் வாங்களேன். தாலி கட்டின நாள்ல இருந்து அந்த ஆட்டத்தைக் காதால கேட்டுட்டேன். ஒருநா கண்ணாலயும் பாத்துக்கிடுதேன்."

மனைவியே ரசிகையாகிவிட்ட பிறகு ஒரு மனிதன் எங்கே ஓடுவான்? கிரவுண்டுக்குத்தான்.

பொங்கலன்று புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. துரை நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் ஜீப், அதில் டிரைவர். இரண்டு லயமும் கரையில். இருபத்திரண்டு பேரும் இறங்கினார்கள். சுவக்கீனின் ஷூ மட்டும் பனியைவிட வெள்ளை.

எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று வீரபாண்டி கேட்டதும், ஆட்டத்தின் நுட்பமெல்லாம் அறிந்த நம் வீரர் கிரவுண்டை ஒருமுறை நோட்டம் விட்டு, பந்து கனவிலும் வராத ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்தார். சரிவு ஓரம். அதற்குக் கீழே தேயிலை, அதற்குக் கீழே தேயிலை, அதற்குக் கீழே ஆறு.

இங்கே ஒரு மலைச் சட்டத்தைச் சொல்லியாகவேண்டும். சமவெளியில் பந்து வெளியே போனால் யாராவது எடுத்துப் போடுவார்கள். எங்களூரில் வெளியே போன பந்து கீழே போகும். போனால் போய்க்கொண்டே இருக்கும். முன்னொரு காலத்தில் வேடிக்கை பார்க்கிறவர்கள் எடுத்துவரப் போய், தோற்கிற பக்கத்தான் எடுத்தால் பந்து திரும்பி வராமலே போனதுண்டு. ஆகவே சட்டம்: கடைசியாக யார் மேல் பந்து பட்டதோ, அவனே இறங்கவேண்டும், அவனே எடுக்கவேண்டும், அவனே கொண்டுவரவேண்டும். வேறு கை பட்டால் அந்தப் பக்கம் தோற்றது. மஞ்சக்கல்லில் இருந்தது ஒரே பந்து. அது வரும்வரை ஆட்டம் நிற்கும்.

பெரியமுத்து உதைத்தார். பல் போனாலும் உதை போகவில்லை. பந்து யாரையும் மதிக்காமல் வந்து, ஓரத்தில் மப்ளரைச் சரிசெய்துகொண்டிருந்த சுவக்கீனின் அந்தப் புகழ்பெற்ற முழங்காலில் நேராக மோதி, துள்ளி, விளிம்பைத் தாண்டி, தேயிலைக்குள் விழுந்தது.

"நான் ஒதைக்கல!" என்றார் சுவக்கீன். உண்மைதான். பந்துதான் அவரை உதைத்தது.

"பட்டுச்சுய்யா! எறங்கு, எறங்கு!" என்று கீழ் லயம் கத்தியது.

இறங்கினார். ஒவ்வொரு அடிக்கும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, பார்க்கிறவர்கள் கண்கலங்கும்படி இறங்கினார். மப்ளர் கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

காத்திருந்தார்கள். பனி உருகியது. வியர்த்தவர்களுக்குக் குளிர ஆரம்பித்தது. "அண்ணாச்சீ!" என்று வீரபாண்டி கூவினார். எதிர்மலை மட்டும் "ஈ" என்றது. துரை ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருமுறை பார்த்தார். பிறகு எழுந்தார்.

"ஒரு பந்து. ஒரு ஆள். ரெண்டும் காணோம். களி முடிஞ்சாச்சு" என்றார். டிரைவர் ஜீப்பைக் கிளப்பினான்.

ராமுத்தாய் முந்தானையை இழுத்துச் செருகினாள். பந்தைத் தொடத்தான் வேறு ஆளுக்கு உரிமையில்லை. ஆளைத் தேட யாருக்கும் உரிமை உண்டு. செடிக்கும் செடிக்கும் நடுவில் அவள் இறங்கிய வேகத்தில் இலைதான் ஆடியது, ஆள் தெரியவில்லை.

கீழே, காற்றுப்படாத ஒரு பள்ளத்தில், இளவெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவக்கீன் உட்கார்ந்திருந்தார். எதன்மேல்? பந்தின்மேல். வாயில் பீடி.

"என்ன அண்ணாச்சி, அடைகாக்கியளா?"

பீடி தேயிலைக்குள் மறைந்தது. கை முழங்காலுக்கு வந்தது. "முட்டி பிசகிப்போச்சு ராமுத்தாயி. ஒரு எட்டு எடுத்து வைக்க முடியல."

"மேல தொரை வண்டிய எடுத்துட்டாரு. நீங்க வரல்லன்னா நாளைக்குக் கிரவுண்டுல குழி வெட்டிருவானுவ. எந்திரிங்க."

"நீ பந்தைக் கொண்டுபோயேன்னு சொல்லலாம். ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா? கீழ் லயத்தான் ஒத்துக்கிடமாட்டான்." சட்டத்தின்மேல் அவருக்கு அப்போது பொங்கிய பக்தியைப் பார்க்க இரண்டு கண் போதாது. "நீ போயிச் சொல்லு. ஒரு மனுசனால முடியாததை எப்படிச் செய்ய?"

ராமுத்தாய் அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். கண்ணை அகட்டினாள். பிறகு, குழந்தையைத் தூங்கவைக்கிற குரலில் சொன்னாள்:

"அண்ணாச்சி. திரும்பாதிய. பின்னால காட்டுமாடு."

அதற்குப் பிறகு நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இரண்டு லயத்திலும் இருக்கிறார்கள். தேயிலையைப் பிளந்துகொண்டு முதலில் மப்ளர் வந்தது. அதன் கீழே, பந்தை மார்போடு அணைத்தபடி, ஷூ ஒன்று காணாமல் போக, சரிவில் ஒரு காலும் செடியின் தலையில் ஒரு காலுமாகச் சுவக்கீன் வந்தார். விளிம்பில் ஏறினார். நிற்கவில்லை. கிரவுண்டைக் குறுக்கே கடந்தார். தடுக்க வந்த பெரியமுத்துவைச் சுற்றி, வீரபாண்டியைத் தாண்டி, கோல்கம்பத்துக்குள் புகுந்து, மறுபக்கம் வெளியேறி, புறப்பட்டுவிட்ட ஜீப்பைத் துரத்திப் பிடித்து, துரையின் பக்கத்து சீட்டில் பந்தோடு ஏறி உட்கார்ந்துவிட்டார்.

பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கோலுக்குள் புகுந்தது செல்லுமா என்று அப்போதே சண்டை ஆரம்பித்தது, இன்னும் முடியவில்லை. அதை விடுங்கள். துரை ஜீப்பை நிறுத்தச் சொன்னார்.

"யாரு இது?"

"நம்ம ஸ்டோர் சுவக்கீன், தொரை" என்றார் மூச்சிரைக்க வந்த வீரபாண்டி. "வயசு நாப்பத்தெட்டு." பிறகு, நல்லெண்ணத்தோடு, வருஷக்கணக்காகக் கேட்டதை அப்படியே சேர்த்துச் சொன்னார்: "போதாததுக்கு ஒரு முட்டி சுத்தமா வேலை செய்யாது."

துரை அந்த முழங்காலைப் பார்த்தார். அவர் ஏறிவந்த சரிவைப் பார்த்தார். "முட்டி இல்லாம இந்த ஓட்டமா? உண்மையா?" என்று சுவக்கீனிடமே கேட்டார்.

வாசகரே, ஒரு மனிதனின் வாழ்வில் இப்படி ஒரு கேள்வி ஒருமுறைதான் வரும். முட்டிக்கு ஒன்றுமில்லை என்று சொன்னால் முப்பது வருஷத்து வீரம் பிலோமியின் கண்முன்னே செத்துவிடும். கரையில் அவள் நிற்கிறாள். உண்மைதான் என்று சொன்னால்? சுவக்கீன் யோசித்தார். மெல்லக் கையைக் கொண்டுபோய் முழங்காலில் வைத்தார்.

"ஆமா தொரை. அந்தக் காலத்துல ஆடின ஆட்டத்துல போனது."

"சபாஷ்!" துரை கையைப் பிடித்துக் குலுக்கினார். "கன்னு வேண்டாம். கிரவுண்டு இருக்கட்டும். ஆனா வருஷாவருஷம் பொங்கலுக்கு இந்த ஆள் களிக்கணும். நான் வந்து பாக்கும். இந்த ஆள் இறங்காத வருஷம் கன்னு."

ஊரே கைதட்டியது. சுவக்கீன் மட்டும் தட்டவில்லை.

அதற்கப்புறம் அவர் பட்ட பாட்டை என்ன சொல்ல? ஒரு எஸ்டேட்டின் கல்யாணமும் கூட்டமும் கிளித்தட்டும் ஒரு மனிதனின் காலில் தொங்குகிறதென்றால் அந்தக் காலை ஊர் சும்மா விடுமா? விடிவதற்குள் பிலோமி கம்பளியை உருவுகிறாள். "எந்திரிங்க. கிரவுண்டு போனா என்னையத்தான் ஏசுவாளுவ." வாசலில் பெரியமுத்து, ரிட்டையரானவர், வேலையற்றவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார். இரண்டு பேரும் ஓடுகிறார்கள். கிளப்பில் டீக்கு நுழைந்தால் டீ போடுகிறவன் சர்க்கரையைக் குறைத்துப் போடுகிறான். இரண்டாவது வடைக்குக் கை நீட்டினால் நாலு பேர் தடுக்கிறார்கள். மழை வரும் என்று அவர் சொன்னாலும், வரட்டும், ஓடுங்கள் என்கிறார்கள். கொழுந்து மூட்டையோடு எதிரே வருகிற ராமுத்தாய், "கையை நல்லா வீசி ஓடுங்க அண்ணாச்சி" என்கிறாள். அன்று பின்னால் காட்டுமாடு நிஜமாகவே நின்றதா என்று அவளைக் கேட்டால், "இவ்வளவு பெரிய மலையில எங்கயாச்சும் நிக்கத்தானே செய்யும்?" என்கிறாள்.

விளைவு? தொந்தி போயிற்று. தூக்கம் வருகிறது. அதற்குப் பின் மூன்று பொங்கல் ஆடிவிட்டார். போன பொங்கலுக்கு நியாயமான ஒரு கோலே போட்டார். ஐம்பத்தொரு வயதில் இவ்வளவு ஆரோக்கியமாக இருக்கும் ஆள் மஞ்சக்கல்லில் வேறு இல்லை. இந்தக் கொடுமைக்காக எங்களை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், எங்கள் கிரவுண்டு ஓரத்தில் இப்போது ஓர் இடம் காலியாக இருக்கிறது. "ச்சே" சொல்ல ஆளில்லாமல் இளவட்டங்கள் வாடுகிறார்கள். தகுதி ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. ஏன், நீங்களே வரலாமே? நாளைக் காலையிலிருந்து நடக்கப் போகிறேன் என்று போன தீபாவளிக்குச் சொன்னவர்தானே நீங்கள்? வேண்டுமானால் ஒரு சோதனை. இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து, தெருமுனை வரைக்கும் ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வாருங்கள்.

என்ன, எங்கேயோ லேசாகப் பிடித்துக்கொண்டதா? பரவாயில்லை, உட்காருங்கள். அது எந்த ஊரில் ஆடியபோது வந்தது என்பதை மட்டும் இன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள். பிற்பாடு மாற்றிச் சொன்னால் நன்றாக இராது.